தெற்கில் ஒரு காசி, தெற்கில் ஓர் ஏதென்ஸ்

1990ஆம் ஆண்டில், உலகின் இரு முனைகளில், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள் ஒரே மாதிரியான வேலையை முடித்தன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரத்தில், கிரேக்கக் கோயிலின் நகலாகக் கட்டிய ஒரு மண்டபத்துக்குள் சுமார் 42 அடி உயர ஏதீனா சிலையின் திரை விலகியது. நம் தென்காசியில், காசி விசுவநாதர் கோயிலின் 178 அடி ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக அந்தக் கோபுரம் மொட்டையாக நின்றது.

நாஷ்வில்காரர்கள் தங்கள் ஊரைத் தெற்கின் ஏதென்ஸ் என்பார்கள். தென்காசிக்கு விளக்கமே வேண்டாம். தொலைவில் உள்ள ஒரு புகழ்பெற்ற ஊரைத் தன் ஊரில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்ற ஆசை இரண்டுக்கும் பொது. அந்த ஆசையை நிறைவேற்றிய வழிதான் தலைகீழ்.

முதலில் நாஷ்வில். டென்னசி மாநிலம் உருவாகி நூறாண்டு ஆனதைக் கொண்டாட 1897இல் அங்கே ஒரு பொருட்காட்சி நடந்தது. மெம்பிஸ் நகரத்தார் தங்கள் ஊரின் எகிப்தியப் பெயருக்கேற்ப ஒரு பிரமிடு கட்டினார்கள். நாஷ்வில்காரர்கள் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை முழு அளவில் கட்டினார்கள். மரம், செங்கல், சாந்துப்பூச்சு; பொருட்காட்சி முடிந்ததும் இடித்துவிடலாம் என்ற எண்ணம். ஆனால் ஊர்மக்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. மழையிலும் பனியிலும் பூச்சு உதிர்ந்து கோயில் பாழாகத் தொடங்கியதும், 1920இல் தொடங்கி அதையே கான்கிரீட்டில் எழுப்பினார்கள். 1931இல் வேலை முழுமையடைந்தது. இன்று அது ஒரு அருங்காட்சியகம். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், பூசை கிடையாது.

அந்த நகலின் பெருமை அளவுகளில் இருக்கிறது. பார்த்தினான் கி.மு. 447இல் தொடங்கிய கட்டடம். பார்வைக்கு நேர்கோடுகளால் ஆனது. அளந்து பார்த்தால் அதில் நேர்கோடே அபூர்வம். சுமார் 69.5 மீட்டர் நீளமுள்ள மேடையின் நடுப்பகுதி, ஓரங்களைவிட ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயர்ந்து, மிக இலேசான வில்லாக வளைகிறது. தூண்கள் செங்குத்தாக இல்லை. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் உட்பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வை அப்படியே மேலே நீட்டினால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை ஒன்றையொன்று சந்திக்கும். ஒவ்வொரு தூணும் நடுவில் ஒரு துளி பருத்து மேலே ஒடுங்குகிறது. முழு நேர்கோடாகக் கட்டியிருந்தால் மேடை நடுவில் தொய்ந்ததுபோலவும் தூண்கள் இடை மெலிந்ததுபோலவும் கண்ணுக்குத் தோன்றும், அதைச் சரிக்கட்டத்தான் இந்த வளைவுகள் என்பது பழைய விளக்கம். மழைநீர் வடிவதற்காக என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், கட்டடத்துக்கு உயிர்த்துடிப்புத் தர என்பவர்களும் இருக்கிறார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. நாஷ்வில் கட்டடக் கலைஞர்கள் வாதத்தில் இறங்கவில்லை. வளைவு, சாய்வு, பருமன் அத்தனையும் கான்கிரீட்டில் வார்த்தார்கள். முகப்பு முக்கோணத்தில் வரும் சிற்பங்களுக்கு, லண்டனில் உள்ள மூலச் சிற்பங்களிலிருந்து எடுத்த வார்ப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காசியில் இருக்கும் எதுவும் இங்கே இல்லை. அங்கே வடநாட்டுப் பாணியில் கூம்பி எழும் விமானம், பொன்தகடு போர்த்தியது, 2021இல் வளாகம் விரியும்வரை சந்துகளுக்குள் ஒடுங்கியிருந்த கோயில். இங்கே அகன்ற வீதி, சுற்று மதில், ஊர் எல்லைக்கு வெளியிலிருந்தே தெரியும் கோபுரம். அங்கே கங்கை, இங்கே சிற்றாறு. படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் யாரும் இதை அதன் நகல் என்று சொல்ல மாட்டார்கள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காசிக்குப் போகும் அடியவர்கள் வழியிலேயே மாண்டுபோகிறார்கள் என்பதால், பராக்கிரம பாண்டியனின் கனவில் சிவன் தோன்றி, எறும்பு ஊரும் வழியே போனால் சிற்றாற்றங்கரையில் லிங்கம் இருக்கும், அங்கே கோயில் கட்டு என்றாராம். சிவகாசிக்கும் இதே பாண்டியர்களை ஒட்டி ஒரு கதை உண்டு. காசியிலிருந்து லிங்கம் கொண்டுவரும் வழியில் அங்கேயே நின்றுவிட்டது என்பார்கள். கதையைத் தள்ளிவைத்துவிட்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலைத் தொடங்கியது 1446இல். காசியில் இன்று நாம் கும்பிடும் விசுவநாதர் கோயிலை இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது 1780இல். அதற்கு முந்தைய கோயில் 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிபட்டது. ஆக, நகலின் கட்டடம் மூலத்தின் கட்டடத்தைவிட முந்நூறாண்டுக்கு மேல் மூத்தது. நாஷ்வில் பாணியில் யோசிப்பவருக்கு இது தலைசுற்றும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியாது.

அடுத்த வீட்டிலிருந்து உறைமோர் வாங்கிவந்து நம் வீட்டுப் பாலில் ஊற்றுகிறோம். தயிர் உறைகிறது. அடுத்த வீட்டுச் சட்டியும் நம் வீட்டுச் சட்டியும் ஒரே வடிவமா என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டுச் சட்டி நாளைக்கு உடைந்தாலும் நம் வீட்டில் தயிர் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களில் இத்தனை காசி விசுவநாதர்கள் இருப்பதற்கும், ஒருவர் கோயில்கூட இன்னொருவர் கோயில்போல இல்லாமல் இருப்பதற்கும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வகையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது: கிரேக்கக் கோயிலின் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படுவதை 1802இல் கட்டி முடித்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். நட்சத்திரம் பார்த்தவர், கவர்னரின் விருந்துக்காகக் கிரேக்கக் கோயில்போல ஒரு மண்டபம் எழுப்பினார். ஜார்ஜ் டவுனில் உள்ள பச்சையப்பன் மண்டபம் இன்னும் நேரடியான நகல். 1846இல் அடிக்கல் நாட்டி 1850இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு மாதிரி, ஏதென்ஸில் அக்காலத்தில் தீசியஸ் கோயில் என்று அழைக்கப்பட்டது. ஹெஃபஸ்டஸ் கோயில் என்பது அதன் இன்றைய பெயர். பாரிமுனைப் பக்கம் நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் அந்தத் தூண்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு ஏதென்ஸ்போல மலை மலையாய்ப் பளிங்கு கிடைக்குமா, சென்னையில்? செங்கல்லைக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, பளிங்குபோல மெருகேற்றினார்கள். கடற்கரைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், முட்டை வெண்கரு, தயிர், நெய். கடைசியில் கல்லால் நாள்கணக்கில் தேய்ப்பு. அக்காலத்தில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் இந்தப் பூச்சைப் பார்த்துப் பளிங்கோ என்று மயங்கி எழுதியிருக்கிறார்கள்.

போலிப் பளிங்கு என்று சொல்லிவிடத் தோன்றும். வேதியியல் அதற்கு ஒப்பவில்லை. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபின் அது காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகும். பார்த்தினானைக் கட்டிய பெந்தெலிக் மலைப் பளிங்கு என்ன? கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கிப் படிகம் மாறியது. அதுவும் கால்சியம் கார்பனேட்தான். பூமி பல கோடி ஆண்டுகளில் செய்ததைக் கொத்தனார் சூளையிலும் மட்டப்பலகையிலும் சில மாதங்களில் செய்கிறார். படிகங்களின் அளவும் அடுக்கும்தான் வேறு. தென்காசிக் கோபுரம் போன்ற நம் கோபுரங்களில் வழிவழியாகச் செய்த சுதைச் சிற்பங்களுக்கும் இதே சுண்ணாம்புதான் உடம்பு. ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீரும் வெல்லப் பாகும் சேர்த்து அரைத்த சாந்தின் இன்னொரு குணம்: மயிரிழை வெடிப்பு விழுந்தால், உள்ளே புகும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து, வெடிப்பின் விளிம்பில் மறுபடி படியவைத்து, தானே அடைத்துக்கொள்ளும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசிச் "சீரமைப்பவர்கள்" இதை யோசிப்பதில்லை. சிமெண்ட் அந்தச் சுவரைவிட இறுக்கமானது. ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே பூட்டிவிடும். உப்பு பூத்து, பூச்சு பத்தையாக உரிந்து விழும்.

இனிக் கோபுரம். பராக்கிரம பாண்டியன் காலத்தில் தொடங்கி அவனுக்குப் பின்வந்தவர்கள் முடித்த பழைய கோபுரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிந்து பிளந்தது. தீ என்பார்கள் சிலர், இடி என்பார்கள் பலர். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதைக் கட்டுமானமே சொல்கிறது. தென்னாட்டுக் கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல். அதற்குமேல் நிலை நிலையாக எழுவது செங்கல்லும் சுண்ணாம்பும். காரணம் எடை. ஒரு கனமீட்டர் கருங்கல் 2,600 கிலோவைத் தாண்டும். செங்கல் கட்டுமானம் 2,000 கிலோவுக்குள் நிற்கும். அந்தச் செங்கல் உடம்புக்குள்ளே ஒவ்வொரு நிலையிலும் மரத்தளமும் உத்திரமும் உண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு எரியக்கூடிய ஒன்றும் அங்கே இருப்பதாகத் தெரியாது.

மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. அந்த மின்சாரம் நனைந்த செங்கல் வழியே இறங்கும்போது, உள்ளே இருக்கும் ஈரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகி விரிய இடமின்றிச் சுவரை உள்ளிருந்தே வெடிக்க வைக்கிறது. மரம் பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்? சாரல் ஊரில், சுற்றிலும் வயல், நடுவில் 178 அடி உயரத்தில் ஒரே ஒரு முனை. மின்னலுக்கு அழைப்பிதழ் அனுப்பியதுபோலத்தான்.

இங்கே ஒரு வாட்ஸாப் வதந்தியைத் தீர்த்துவிட வேண்டும். கோபுரக் கலசமே இடிதாங்கி, உள்ளே இட்ட தானியம் மின்சாரத்தைத் தாங்கும், முன்னோர் அறிவியல் என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதுவரை சரி. ஆனால் இடிதாங்கி என்பது வெறும் முனை அல்ல. அந்த முனையிலிருந்து மண்ணுக்குள் புதைத்த தகடு வரை அறுபடாத ஒரு உலோகப் பாதை வேண்டும். பாதை இல்லாத கலசம் மின்னலை வாங்கிச் செங்கல்லிடம் கொடுத்துவிடும். இடி என்பவர்கள் சொல்வது சரியென்றால், தென்காசிக் கோபுரம் பிளந்ததே போதுமான சாட்சி. முன்னோர் கெட்டிக்காரர்கள்தான்; அந்தக் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாழான கோபுரத்தை மறுபடி எழுப்புவது எப்படி? நாஷ்விலில் ஏதென்ஸ் கட்டடத்தின் அளவுகளை எண் எண்ணாகப் படித்து வார்த்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்பிக்குப் பழைய கோபுரத்தின் வரைபடம் கட்டாயமில்லை. கல்லால் ஆன அடிப்பகுதி நின்றாலே போதும். சிற்ப நூல்கள் தருவது அடிக்கணக்கல்ல, விகிதம். அடித்தளத்தின் அகலம் இவ்வளவு என்றால் உயரம் இவ்வளவு, முதல் நிலை இவ்வளவு என்றால் அடுத்தது அதில் இவ்வளவு பங்கு குறையும், இப்படியே மேலே மேலே. தொலைந்த மேல்பகுதி கீழ்ப்பகுதிக்குள் கணக்காக ஒளிந்திருக்கிறது. மரபின் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொன்னது இதைத்தான். திருவரங்கத்தில் சில நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு நின்றுபோன ராயகோபுரம் சுமார் 236 அடி ராஜகோபுரமாக 1987இல் நிறைவடைந்தது இந்த முறையில்தான். 2010 மே மாதத்தில் ஓர் இரவு சரிந்து விழுந்த காளத்திக் கோபுரம், கிருஷ்ணதேவராயர் கட்டியது, புதிதாக எழும்பி 2017இல் குடமுழுக்குக் கண்டது. தென்காசிக் கோபுரத்தைப் பத்திரிகை அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் முன்னின்று எழுப்பினார். 1990இல் முடிந்த கோபுரத்தைப் பழையதின் நகல் என்று சொல்வதா, அதே கோபுரத்தின் இரண்டாவது வாழ்வு என்று சொல்வதா? பராக்கிரம பாண்டியனைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்லியிருப்பான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் பழுது வந்து, அதைத் திருத்துபவர் யாரானாலும் அவர் காலில் விழுகிறேன் என்ற பொருளில் அவன் வாக்கு கோயிலில் கல்லில் இருக்கிறது. இடிபாட்டை எதிர்பார்த்தே கட்டியவன் அவன். பார்த்தினானைக் கட்டியவர்கள் தங்கள் கட்டடம் அழியும் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. 1687இல் உள்ளே அடுக்கிய வெடிமருந்தின்மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தபோது அது பிளந்தது.

கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விகிதத்தின் வேலை கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு நிலையின் விளிம்பிலும் வரிசையாக நிற்பவை சிறு சிறு கோயில்கள். சதுரமான கூடம், வண்டிக்கூரைபோல நீண்ட சாலை, ஒல்லியான பஞ்சரம் என்று அவற்றுக்குப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடித்தளம், தூண், கூரை, கலசம். கோபுரத்தின் உச்சியில் படுத்திருப்பது ஒரு பெரிய சாலை. அதன் சிறு வடிவங்கள்தான் கீழ்நிலைகள் முழுக்க. முழுமையின் வடிவம் அதன் பாகத்திலும், பாகத்தின் பாகத்திலும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1975இல் ஃபிராக்டல் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பெரணி இலை, ஆற்றின் கிளைகள், நுரையீரல் எல்லாம் அந்த இனம். குற்றால மலையில் மழைக்குப் பின் பெரணி பார்த்தவர்கள் கோபுரத்தை இன்னும் நன்றாகப் பார்ப்பார்கள். ஆக, கோபுரம் எதன் நகல் என்று கேட்டால், அது தன்னுடைய நகல்களை அடுக்கியே ஆனது.

இதற்கு ஒரு கண்மயக்கும் உண்டு. மேலே போகப் போக நிலைகளின் உயரமும் அகலமும் குறைவதால், உச்சி தான் இருக்கும் இடத்தைவிட இன்னும் தொலைவில் இருப்பதாக மூளை கணக்குப் போடுகிறது. கிரேக்கன் கண்ணின் பிழையைத் திருத்த வளைத்தான். நம் சிற்பி அதே பிழையைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே பாடத்தை இரண்டு ஊர்களில் படித்தவர்கள்.

வண்ணம் என்று வரும்போது தென்காசிக்காரர் ஏதென்ஸுக்கே பாடம் சொல்லலாம். கிரேக்கக் கோயில் என்றால் வெள்ளை வெளேர் என்று நினைப்பது பழக்கதோஷம். சாயம் போன எலும்புக்கூட்டைப் பார்த்து, பிறந்ததே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2009இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் சிற்பங்களின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அகச்சிவப்புக் கதிரைப் பிடிக்கும் கருவியால் பார்த்தார்கள். எகிப்திய நீலம் என்ற பழைய நிறமிக்கு ஒரு விநோத குணம்: சிவப்பு ஒளி பட்டால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் அது ஒளிரும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பளிங்கில், துளித்துளியாக நீலம் மின்னியது. கிரேக்கக் கோயில்கள் நீலமும் சிவப்பும் பொன்னுமாக இருந்தன என்பதற்கு ஏற்கெனவே இருந்த சான்றுகளோடு இதுவும் சேர்ந்தது. கோபுரங்களுக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் நகரத்து ரசிகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கருங்கல் சிற்பத்துக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிப்பது தவறு, அது வேறு. சுதைக்கு வண்ணம் பிறப்புரிமை.

வண்ணத்தைப் பற்றிப் பேசினால், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலத்தில் உள்ள சித்திர சபையைச் சொல்லாமல் விட முடியாது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் மற்ற நான்கும் திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, நெல்லை. ரத்தினம், பொன், வெள்ளி, தாமிரம். ஐந்தாவது குற்றாலம், இங்கே மணிக்கும் உலோகத்துக்கும் பதில் ஓவியம். அருவிக்கரைக் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியே நிற்கும் அந்தச் சபையில், வணங்கப்படும் நடராசரே சுவரில் தீட்டிய சித்திரம்தான். சாரல் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் ஊரில், சுவருக்குள் புகும் ஈரம் உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, உலரும்போது படிகமாக்கி, வண்ணத்தைத் தள்ளிவிடும். ஆகவே இங்கே ஓவியம் என்றால் மறுபடி மறுபடி தீட்டுவது. அருவிக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இங்கே நின்று பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். பெரும்பாலானோருக்குக் குற்றாலம் என்றால் எண்ணெய், துண்டு, அல்வா.

காசியிலும் இல்லாத, ஏதென்ஸிலும் இல்லாத ஒன்று தென்காசிக் கோயிலில் இருக்கிறது: வாசலில் அடிக்கும் காற்று. கோபுர வாசலருகே கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: "உள்ள போகையில மூஞ்சில அறையும், அண்ணாச்சி. கோபுரத்தத் தாண்டிட்டீங்கன்னா, அதே காத்து முதுகப் பிடிச்சு உள்ள தள்ளும். சாமி வா வான்னு கூப்பிடுத மாதிரி." ஊரில் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். கோயில் புத்தகங்களிலும் இருக்கிறது. காற்று ஒரு திசையில்தானே அடிக்க வேண்டும், இது எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதுகிறது. மழையைப் பெரும்பாலும் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலைச்சுவரில் ஓர் இடைவெளி செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய். தெற்கும் வடக்கும் உயர்ந்த மலைகள், நடுவில் தாழ்வு. அகன்று வந்த காற்று அந்த வழியில் குவிந்து வேகமெடுத்து, கொஞ்சம் சாரலையும் ஏந்திக்கொண்டு நேரே தென்காசிச் சமவெளிக்குள் பாய்கிறது. அதே காற்றுதான் குற்றாலத்துக்குச் சீசன் கொடுக்கிறது, வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது.

கோபுரம் கிழக்குப் பார்த்தது. நாம் மேற்கு நோக்கி நுழைகிறோம். காற்று மேற்கிலிருந்து எதிரே வருகிறது. உயரமான கட்டடத்தில் மோதும் காற்றின் அழுத்தம் மோதும் பக்கத்தில் கூடும். மறுபக்கத்தில் குறைந்து உறிஞ்சும். கோபுரத்தின் மேற்கே அழுத்தம், கிழக்கே வெற்றிடம்போல ஓர் இழுப்பு, நடுவில் திறந்த ஒரே வழி அந்த வாசல். மேற்கிலிருந்து கிழக்காக அதன் வழியே காற்று பீறிடுகிறது. முகத்தில் அறைவது அதுதான். குறுகிய வழி என்பதால் காற்று விரைகிறது என்று சொல்வதைவிட, இரண்டு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு அதைத் தள்ளுகிறது என்பதே சரியான விளக்கம். உயர்ந்த அடுக்ககங்களுக்கு அடியில் நடைபாதை வழி விட்டிருக்கும் இடங்களில் எல்லாம் இதே கதை.

முதுகைத் தள்ளுவதற்கு இன்னொரு படி போக வேண்டும். உயரமான சுவரில் மோதும் காற்று, உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் பிரிகிறது. அதற்கு மேலே மோதியது மேலேறிப் போய்விடும். கீழே மோதியது சுவரைத் தடவிக்கொண்டு கீழே இறங்கும். தரையருகே வரும் காற்றைவிட உயரத்தில் வருவதற்கு வேகம் அதிகம் என்பதால் இந்த இறக்கம் வலுவானது. தரையைத் தொட்டதும் அதற்குப் போக இடம் இல்லை. வந்த திசைக்கே திரும்பித் தரையோடு ஓடும். கொஞ்ச தூரம் போய், எதிரே வரும் காற்றோடு மோதி எழும்பும். சுவரின் முன்னால் படுத்தவாக்கில் ஒரு உருளைச் சுழல் நிலையாக நிற்கும். நெட்டையான கட்டடங்களைச் சோதிக்கும் காற்றுச்சுரங்கங்களில் பொறியாளர்கள் இதைப் புகை விட்டுப் பார்க்கிறார்கள். கோபுரத்தைத் தாண்டி உள்ளே சில அடி போனவர் நிற்பது, என் கணிப்பில், அந்தச் சுழலின் அடிப்பக்கத்தில். தலைக்கு மேலே காற்று கிழக்கே போக, காலடியில் அது மேற்கே ஓடுகிறது. முதுகு தள்ளப்படுகிறது. கடைக்காரப் பெரியவர் சொன்னதும் இயற்பியல் சொல்வதும் பொருந்திப்போகின்றன.

ஒன்று மட்டும் கணக்கைச் சிக்கலாக்குகிறது. கோபுரம் பெட்டிபோல நேர்ச்சுவர் அல்ல, மேலே ஒடுங்குவது. சாய்ந்த சுவரில் மோதும் காற்று மேலேறுவது எளிது, இறங்குவது குறையும். மேற்கே மண்டபமும் மதிலும் வேறு குறுக்கே நிற்கின்றன. ஆகவே சுழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்த இடத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஆடி மாதத்தில் நல்ல காற்றுள்ள ஒரு பகலில், பூக்கடையில் ஒரு முழம் நார் வாங்கிக்கொள்ளுங்கள். நுனியைப் பிடித்து இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டபடி வாசலுக்கு வெளியே, வாசலுக்குள்ளே, அதைத் தாண்டிப் பத்துப் பத்தடியாக உள்ளே என்று நின்று நின்று நடந்து பாருங்கள். நார் திசை மாறும் இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் கையை உயர்த்தித் தலைக்கு மேலே நாரைப் பிடியுங்கள். கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் பறந்தால் சுழல் இருக்கிறது. இரண்டு உயரத்திலும் மேற்கே பறந்தால், சுழலின் நடு உங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம். உள்ளே எங்குமே நார் மேற்கே திரும்பவில்லை என்றால் என் விளக்கம் தவறு, வேறு காரணம் தேட வேண்டும்.